பாதிப் படம் போட்டீங்க, மீதிப் பாதி எங்கீங்க?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க,

நானு திருப்பூர்ல இருந்து எழுதறனுங்க. போன ஞாயித்துக்கெழம இணைப்புல பக்கம் பூராத்துக்கும் ஒரு ஜப்பான் படம் போட்டிருந்தீங்கள்ல, ஓட்டுக் கூரை மேல கத்தியோட ஒரு வீரன், அதுக்கு அடியில யோஷிதோஷிங்கற ஓவியர் தீட்டுன அசல் ஓவியம்னும், ஒலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதுன்னும், சாமுராய் ஒருத்தன் எதிரிக்காகக் காத்துக்கிட்டு நிக்கறான்னும் எழுதியிருந்தீங்க. அதப் படிச்சதுல இருந்து எனக்குக் கையி நமநமங்குதுங்க. படம் போட்டதுக்கு மொதல்ல ஒரு கும்புடு போட்டுக்கறன், சினிமாக்காரரு மூஞ்சி இல்லாம ஒரு முழுப் பக்கம் கலர்ல வாறதே இப்பெல்லாம் அதிசயமுங்க. ஆனா ஒரே படத்துல மூணு தப்பு. ரெண்டு தப்பு எழுத்துல, அதக்கூடப் பொறுத்துக்கலாம். மூணாவது தப்பு கத்திரிக்கோல்லங்க. படத்தப் பாதியா வெட்டிப் போட்டுட்டீங்க.

அந்த வீரன் யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்கலைங்க. அவனுக்குக் கீழ, அதே கூரைச் சரிவுல, இன்னொருத்தன் இருக்கறான். அந்தப் படமே ரெண்டு தாளு, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, ரெண்டையும் சேத்து வெச்சாத்தான் சண்ட. நீங்க மேல் தாள மட்டும் போட்டுட்டு காத்துக்கிட்டு நிக்கறான்னு எழுதுனது எப்படியிருக்குதுன்னா, சேவக்கட்டுல ஒரு சேவல மட்டும் போட்டோப் புடிச்சு சேவல் யோசன பண்ணுதுன்னு எழுதுனாட்ட இருக்குது.

உனக்கெப்படிய்யா இதெல்லாம் தெரியும்னு கேப்பீங்க, கேக்கோணும். நானு ஓவியக் காலேஜெல்லாம் படிச்சவனில்லீங்க. அவினாசிப் பக்கம் தோட்டத்துல பொறந்து, மழையில்லாத ஒரு வருசம் மாட்ட வித்துப்போட்டு அப்பா என்னையத் திருப்பூருக்கு அனுப்பிச்சாரு, ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைல டேபிள் தொடைக்கற பையனாச் சேந்து அப்பறமேட்டு கலர வழிச்சு இழுக்கற ஸ்குவீஜி புடிச்சு, கலர் கலக்கி, 34 வருசம் கழிச்சு மாஸ்டருங்கற பேரோடவும் முட்டி வலியோடவும் வெளிய வந்தவன். ஒரு 25 வருசத்துக்கு முன்னால எங்க பட்டறைக்கு ஜப்பான் ஆர்டர் ஒண்ணு ஜாப் ஒர்க்கா வந்துச்சு. டீசர்ட்டு, முன்னால பூராத்துக்கும் ஒரே படம். அது இந்தப் படந்தானுங்க. ரெண்டு தாளையும் சேத்து சின்னதாக்கி, கழுத்துக்குக் கீழ ஆரம்பிச்சு அடி மடிப்பு வரைக்கும். எட்டுக் கலரு. எட்டு ஸ்கிரீன். ஒவ்வொரு ஓடும் தனித்தனியா ஒரு கோட்டுல நிக்கோணும், ஒரு கலரு கொஞ்சம் ஒதுங்கினாலும் வீரனுக்கு ரெண்டு மூக்கு வந்துரும். அந்தக் கூரை ஓட்ட நானு எண்ணியே பாத்திருக்கறனுங்க, தூக்கத்துலகூட ஓடு ஓடா வரும். சேம்பிள் நாலு தடவ ரிஜெக்ட்டு ஆச்சு. நாலாவது தடவ ரிஜெக்ட்டு ஆனப்ப, ஆர்டர் குடுத்த பையர் பக்கத்துல இருந்து ஒரு பெரியவரு நேராவே பட்டறைக்கு வந்துட்டாரு, ஜப்பான்காரரு, 60 வயசிருக்கும், செருப்பக் கழட்டி வாசல்ல அழகா ஜோடி சேத்து வெச்சுட்டு உள்ள வந்தாரு. பட்டறைக்குள்ள செருப்பக் கழட்டுன மொதல் பையரு அவருதான். தரையில கலர் பேஸ்ட்டு கொட்டிக் கெடக்குது, வெள்ளச் சாக்ஸோட நிக்கறாரு மனுசன்.

அவரு சொன்னத ஆர்டரப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் பொண்ணு தமிழ்ல சொல்லுச்சு. பாதி புரிஞ்சுது. மீதிய இப்பத்தான், எம்பொண்ணோட மகள் டிசைன் படிக்கறா, அவ போன்ல மியூசியம் மியூசியமாத் தேடி எடுத்துப் பெரிசு பண்ணிக் காட்டுனதுல புரிஞ்சுக்கிட்டன். இந்தாங்க அப்புச்சி உங்க டீசர்ட்டுன்னு காட்டுனா. அப்பிடியே கண்ணுல தண்ணி வந்துருச்சு, அத விடுங்க.

மொதல்ல கதையச் சொல்லிப்போடறன், கதை தெரியாம படத்தப் பாத்து என்ன பண்றது. பாகின்னு ஒரு கதைக்காரரு, 1767-ல பொறந்து 1848-ல போயிச் சேந்தவரு. ஹக்கென்தென்னு ஒரு கத எழுதுனாரு, எட்டு நாய் வீரர் கதைன்னு வெச்சுக்குங்க. 1814-ல ஆரம்பிச்சு 1842-ல முடிச்சாரு, 28 வருசம், 106 புஸ்தகம். நடுவுல கண்ணு ரெண்டும் போயிருச்சு. அவரு வாயில சொல்லச் சொல்ல மருமக பக்கத்துல உக்காந்து எழுதி முடிச்சுக் குடுத்துச்சாமுங்க. மாமனாருக்கு மருமக காப்பி குடுத்தாலே ஊரு மெச்சிக்கற காலத்துல நம்ம இருக்கறம், அந்தம்மா ஒரு காவியத்தோட வாலையே எழுதிக் குடுத்திருக்குது.

கத எப்படி ஆரம்பிக்குதுன்னா, ஒரு கோட்டையச் சுத்தி எதிரி முற்றுகை போட்டிருக்கறான், உள்ள சோறில்ல. கோட்டைக்காரரு வெறுத்துப்போயி வளக்கற நாயப் பாத்து, எதிரியோட தலையக் கொண்டாந்தீன்னா எம்மகளையே உனக்குக் கட்டி வெக்கறண்டான்னு வெளையாட்டுக்குச் சொல்லிப்போட்டாரு. நாயி போயித் தலையக் கவ்விக்கிட்டு வந்துருச்சு! வாக்குக் குடுத்தாச்சு, என்ன பண்றது. மகள், ஃபுசேன்னு பேரு, அப்பன் வாக்குப் பொய்யாகக் கூடாதுன்னு நாயோட மலைக்குப் போயிருது. அந்தப் புள்ள சாகறப்ப கழுத்துல கெடந்த செபமாலையில இருந்து எட்டு மணி தெறிச்சு எட்டுத் தெசைக்கும் பறந்து போவுது, ஒவ்வொரு மணியிலயும் ஒரு எழுத்து, ஒவ்வொண்ணும் ஒரு நல்ல குணம். அப்பறம் அங்கங்க எட்டு வீட்டுல எட்டுப் பசங்க பொறக்கறாங்க, எட்டுப் பேருக்கும் நாய்ங்கற எழுத்துல குடும்பப் பேரு ஆரம்பிக்குது, ஒடம்புல பூவாட்டம் மச்சம். ஒருத்தருக்கொருத்தரு சகோதரருன்னு தெரியாமயே வளர்றாங்க. வாக்கு, நாயி, சகோதரருன்னு கேட்டாவே எங்களுக்கு உடுக்கச் சத்தம் காதுல கேக்குங்க. எங்க கொங்குப் பக்கம் உடுக்க அடிச்சுப் பாடற அண்ணமார் கதையிலயும் அந்தப் பொன்னாச்சிங்கற சின்ன நாயி இல்லாம கொம்பன் பன்னியக் கொன்னிருக்க முடியுமுங்களா?

எட்டுப் பேத்துல ஒருத்தன் ஷினோ. அவனுக்கு முன்னால பொறந்த கொழந்தைக எதுவும் தங்கல, அதனால இவனப் பொட்டப்புள்ளையாட்டம் துணி போட்டு, பொட்டப்புள்ள பேரு வெச்சு வளத்தாங்க. இதப் படிச்சப்ப எங்கூட்டுல எல்லாரும் சிரிச்சுட்டாங்க, ஏன்னா எங்க பெரியப்பா பேரு குப்பன். அவருக்கு முன்னால மூணு போச்சு, நாலாவதாப் பொறந்தவர முறத்துல போட்டுக் குப்பையில வெச்சு எடுத்து, மூக்கையும் குத்தி உட்டாங்க. எமனுக்குக் கண்ணு தப்பட்டும்னு. எங்கியோ இருக்கற ஜப்பான்லயும் எமன் அதே மாதிரி ஏமாந்திருக்கறான் பாருங்க.

ஷினோவோட அப்பன் சாகறப்ப ஒரு கத்தியக் குடுத்து, இது நம்மளுது இல்ல சாமி, கோகா கோட்டை பிரபுவோட குடும்பத்துது, கொண்டுபோயி ஒப்படச்சுருன்னு சொல்லிப்போட்டுச் செத்துப்போறாரு. முராசமேன்னு கத்தி, உருவுனா அலகுல தண்ணி ஊறும், ரத்தம் பட்டா அந்தத் தண்ணியே கழுவி உட்டுருமாம். ஷினோ வளந்து ஆளாகி கத்தியத் தூக்கிக்கிட்டுப் போறான். ஆனா வழியனுப்பறதுக்கு முன்னாலயே சொந்த ஒறம்பரையே ஆள் வெச்சு அசலத் தூக்கிட்டு டூப்ளிகேட்ட உறையில வெச்சுட்டாங்க. கோட்டையில போயி உருவிப் பாத்தா தண்ணியுமில்ல ஒண்ணுமில்ல. உடனே ஒற்றன்னு முத்திர குத்தி வளச்சுட்டாங்க. சண்ட போட்டுக்கிட்டே ஏறுறான், ஏறுறான், கடசீல ஹோர்யூகாகுன்னு ஆத்தோரத்துல மூணு அடுக்கு மாடத்தோட உச்சிக் கூரைக்குப் போயிட்டான். கீழ தோனே ஆறு. யாருக்கும் மேல ஏறத் தகிரியமில்ல.

அந்த நேரத்துக்குத்தான் ஜெயில்ல கெடக்கறவன் ஒருத்தன் ஞாபகம் வருது. கென்பச்சி. அவனே ஜெயிலுக்குக் காவல் வேல பாத்தவன், இந்த வேல எனக்கு வேண்டாமுங்கன்னு சொன்னதுக்காக அவனையே உள்ள தள்ளி வெச்சிருக்கறாங்க. ஆளப் புடிக்கற வித்தையில அந்தக் கோட்டையில அவன அடிச்சுக்க ஆளில்ல. போயிப் புடிச்சுட்டு வா, உட்டுடறம்னு சொல்லி அனுப்பறாங்க. அவனும் ஏறிட்டான். கையில கொக்கி வெச்ச இரும்புத் தடி, கத்திய வாங்கி மடக்கறதுக்கு. மேல இருக்கறவன்கிட்ட இருக்கற மணியில அப்பன் ஆத்தாகிட்ட வெக்கற பக்தின்னு எழுத்து, கீழ இருந்து ஏறுறவன்கிட்ட இருக்கற மணியில நம்பிக்கைன்னு எழுத்து. ரெண்டு பேரும் அண்ணந்தம்பி. ரெண்டு பேருக்கும் தெரியாது. பாக்கறவனுக்குத் தெரியும்! அந்தப் படத்துல இருக்கற வலியே அதுதானுங்க, அதப் போயி எதிரிக்காகக் காத்துக்கிட்டிருக்கறான்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்களே.

அப்பறம் என்ன ஆச்சுன்னா கட்டிப்பொரண்டு ரெண்டு பேரும் கூரையில இருந்து உருண்டு, கீழ கட்டிக் கெடந்த ஒரு படகுல உழுந்து, கவுறு அந்து, ஆத்தோட போயிடறாங்க. ஆனா பாகின் இத ஒரே மூச்சுல சொல்லல. கூரை மேல சண்ட உச்சத்துல இருக்கறப்ப மூணாவது தொகுதிய முடிச்சுட்டாரு. மீதி நாலாவது தொகுதியில. வாரப் பத்திரிகையில தொடரும்னு போட்டு வயித்தெரிச்சலக் கொட்டிக்கறதெல்லாம் நம்மூரு கண்டுபிடிப்புன்னு நெனச்சிருந்தன். அந்தக் காலத்துல எடோங்கற ஊர்ல, இன்னைக்கு டோக்கியோங்கறமே அந்தூர்லதான், பொஸ்தகத்த வெல குடுத்து வாங்க முடியாதவுங்களுக்கு வாடகைக்கு உடற கடைக இருந்துச்சு, 1808-ல அந்த ஒரு ஊர்ல மட்டும் 600-க்கும் மேல. முதுகுல பொஸ்தக மூட்டையக் கட்டிக்கிட்டு வீடு வீடாப் போவாங்களாமுங்க. ஒரு பொஸ்தகத்த ஊரே படிக்கும். படிச்ச கதையில புடிச்ச சீனு படமா வந்தா வாங்கிச் செவுத்துல ஒட்டிக்கும். படத்தோட வெல ஒரு கிண்ணம் நூடுல்சு வெலதான். இன்னைக்கு மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கற சாமான் அன்னைக்கு நாஸ்டா காசுங்க.

இப்ப அசல் ஓவியம்ங்கற ரெண்டாவது தப்புக்கு வாறன், எனக்கு இதுதான் நெம்ப சங்கடம். அந்தப் படத்த யாரும் தீட்டலைங்க. அச்சு. மரக்கட்டை அச்சு. ஓவியர் என்ன பண்ணுவாருன்னா, மெல்லிசுத் தாள்ல கறுப்பு மசியில கோட்டுப் படம் போட்டுக் குடுப்பாரு. அந்தத் தாள அப்பிடியே கவுத்து, செரி மரப் பலகையில பசை போட்டு ஒட்டிருவாங்க. கட்டை வெட்டறவரு தாளோட சேத்தே வெட்டுவாரு, கோடு மட்டும் மேடா நிக்கும், மத்ததெல்லாம் பள்ளம். ஆக ஓவியரு வரஞ்ச தாளு வெட்டுலயே துண்டு துண்டாப் போயிருது. அப்பறம் எங்க இருந்து வருது அசல் ஓவியம்? அசலே கெடயாதுங்க, அந்த வேலையில அசலக் கொன்னாத்தான் படம் பொறக்கும். அந்தக் கோட்டுக் கட்டைல சில காப்பி ஓட்டி, எந்த எடத்துக்கு எந்தக் கலருன்னு குறிச்சுக் குடுத்தா, கலருக்கு ஒரு கட்டைன்னு தனித்தனியா வெட்டுவாங்க. எங்க பாஷையில சொன்னா செபரேஷன். 1765-லயே முழுக் கலரு அச்சு வந்துருச்சாம் அங்க. அதுக்கப்பறம் அச்சு ஓட்டறவரு, கட்டை மேல கலரத் தடவி, ஈரத் தாள வெச்சு, பின்பக்கமிருந்து தேப்பாரு. மிஷினு கெடயாது, பிரஸ் கெடயாது, கை. மூங்கப் பாளையில சுத்துன வட்டமான ஒரு திண்டு, பரென்னு பேரு, அதுல தேக்கோணும். ஒரே படத்துல இப்பிடி எத்தன கலரோ அத்தன தடவ, அத்தன தடவையும் தாளு அதே எடத்துல உக்காரோணும்.

அந்தப் பெரியவரு எங்க பட்டறைல இததான் காட்டுனாருங்க. நாங்க டேபிள்ல ஸ்டாப்பர் வெச்சு ஸ்கிரீன நிறுத்துவம், இல்லீங்களா, உங்கூர்ல எப்படீன்னு நானு சைகையில கேட்டன். டேபிள்ல கெடந்த ஒரு அட்டைய எடுத்து, பிளேடுல மூலையில ஒரு எல் வெட்டு, அதே ஓரத்துல கொஞ்சம் தள்ளி ஒரு நேர் வெட்டு. ரெண்டே வெட்டு. கென்தோ, கென்தோன்னாரு. தாளோட மூலைய எல்லுல வெச்சு, ஓரத்த நேர் வெட்டுல சாத்துனா முடிஞ்சுது. அந்த வெட்டு கட்டையிலயே இருக்கும், எல்லாக் கட்டையிலயும் அதே எடத்துல. கட்டையே ஸ்டாப்பரு! அப்பறம் என்னோட டிபன் பாக்ஸ் மூடிய எடுத்து, அட்டை மேல தாள வெச்சு, வட்டம் வட்டமாத் தேச்சுக் காட்டுனாரு, தோள்ல இருந்து, மணிக்கட்டுல இருந்து இல்ல. எங்க பசங்க அத்தன பேரும் ஸ்குவீஜியக் கீழ போட்டுட்டு நின்னு பாத்தாங்க. ஒரு ஓரத்துல கலரு அடர்த்தியா ஆரம்பிச்சு அப்பிடியே வெளுத்துக்கிட்டே போகுதுல்லங்க வானத்துல, அது கட்டைல வெட்டுனது இல்லையாம், அச்சு ஓட்டறவரு ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியில கலரத் தொடச்சுத் தொடச்சு உண்டாக்கறதாம். போகாஷின்னு சொன்னாரு. நாங்க அதுக்கு ரெண்டு பேஸ்ட்ட ஒரே ஸ்கிரீன்ல ஊத்தி இழுப்பம், பத்துப் பிட்டுத் துணிக்கு மேல ஒரே மாதிரி வராது, பையரு திட்டுவான்.

சாயத்தப் பத்தியும் ஒரு வார்த்த. சாயப்பட்டறைக்காரங்க படிச்சா சந்தோசப்படுவாங்க. பழைய காலத்து அச்சுல நீலம் பூவுல இருந்து எடுத்தது, வெயிலும் ஈரமும் பட்டா ஓடிப்போயிரும். 1830 வாக்குல பெர்லின் நீலம்ங்கற சாயம் நெறைய எறங்குனப்பறந்தான் கடலும் வானமும் அவுங்க படத்துல அத்தன கெட்டியா வந்துச்சு. யோஷிதோஷி காலத்துல ரசாயனத்துல செஞ்ச அனிலின் சாயமும் வந்துருச்சு, செவப்பு, ஊதா எல்லாம் பளீர்னு. அந்தச் செவப்ப இன்னைக்கும் சில பேரு மட்டமாப் பேசறாங்க, காட்டுச் செவப்புன்னு. எனக்கு அதுதான் புடிக்கும். திருப்பூர்க்காரனுக்குப் பளீர்னு இருந்தாத்தானுங்க கலரு.

இதுல இருந்தே உங்க ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுங்கறதும் போச்சு. அச்சுன்னா நூத்துக்கணக்குல, நல்லா ஓடுனா ஆயிரக்கணக்குல. இந்தப் படமே பல மியூசியத்துல இருக்குது, பேத்தி காட்டுனதுல வானத்துக் கலரு ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருந்துச்சு. ஒண்ணு மொதல் ஓட்டு, ஒண்ணு கட்டை தேஞ்சப்பறம் ஓடுனதுன்னு எங்களுக்கு ஒரு பார்வையிலயே தெரியும்.

யோஷிதோஷியையும் கொற சொல்லல. 1839-ல பொறந்து 1892-ல செத்தவரு, சின்னப் பையனா இருக்கறப்பவே குனியோஷிகிட்டத் தொழில் பழகுனவரு. குனியோஷி யாருன்னா, சீனத்து வீரர் 108 பேரோட கதைய ஜப்பான்ல 1827 வாக்குல ஒவ்வொருத்தரா அச்சுப்போட்டு ஊரையே பைத்தியமாக்குனவரு, அந்தப் படத்துல வீரருக்கு முதுகு பூராப் பச்ச குத்தியிருக்கறதப் பாத்துட்டு நெசத்துல ஆளுக பச்ச குத்திக்கிட்டாங்களாம். அந்தக் குனியோஷியும் இதே கூரைச் சண்டையப் போட்டிருக்கறாரு, மூணு தாள பக்கத்துல பக்கத்துல வெச்சு அகலமா. கூரை நீண்டு கெடக்குது, கூட்டம் தெரியுது. சிஷ்யன் 1885-ல அதே சீன எடுத்துத் தாளத் திருப்பிப்போட்டாரு. அகலத்துல இருந்தத ஒசரத்துக்குக் கொண்டாந்துட்டாரு. ரெண்டு தாளும் சேந்தா ரெண்டு அடிக்கும் மேல ஒசரம், ஆனா அகலம் ஒரு மொழம்கூட இல்ல. அதப் பாக்கறப்ப நம்ம கண்ணே மேல இருந்து வழுக்கிக்கிட்டு எறங்குதுங்க. நானு டீசர்ட்டுக்கு ஓட்டறப்பகூட முதல்ல புரியல, பிட்ட டேபிள்ல படுக்கப் போட்டிருக்கும், படுத்த கூரையில யாரு உழுவா? உணத்தறதுக்குக் கம்பியில மாட்டுனப்பறந்தான், நின்னுக்கிட்டுப் பாத்தப்பதான், அய்யோ உழுந்துருவான் போலிருக்குதேன்னு பட்டுச்சு. கீழ் தாள வெட்டிப்போட்டா உழறதுக்கு எடமே இல்லாமப் போயிருச்சுங்களே!

அதையுமில்லாம அவரு உங்க ஜாதிக்காரருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, பத்திரிகை ஜாதின்னு சொல்றன். பேப்பருக்குச் செய்திப் படம் போட்டுக் குடுத்தவரு. கொல, கொள்ள, தீ புடிச்சது, எல்லாம். நடுவுல ஒரு காலம் சோத்துக்கே வழியில்லாம, மனசும் ஒடம்பும் ஒடஞ்சுபோயிக் கெடந்து எந்திரிச்சவரு. நெலாவ வெச்சு நூறு படம் அதே 1885-ல ஆரம்பிச்சு சாகற வரைக்கும் போட்டாரு. எல்லாம் செரி, ஆனா அவரு பேரு இருக்குது, பதிப்பிச்சவரு பேரு தாளோட ஓரத்துல இருக்குது, அந்தக் கோட்ட முடி கனத்துக்கு வெட்டுனாரே அவர யாரு நெனைக்கறா? தலைமுடிய வெட்டறதுக்கின்னே தனி ஆளு, பட்டறையிலயே கைதேர்ந்தவருதான் மூஞ்சியும் முடியும் வெட்டோணுமாம், பழகற பசங்களுக்குத் துணி மடிப்பும் மத்ததுந்தான். அச்சு ஓட்டுனவரு? அவருக்கும் தோள்பட்டை வலிச்சிருக்குமுங்கள்ல? நானு ஓட்டுன அந்த டீசர்ட்டுல கழுத்துல கம்பெனி பேரு இருந்துச்சு, வாஷ் கேர் லேபிள்ல எந்த நாட்டுல செஞ்சதுன்னு இருந்துச்சு. நெசமாச் சொல்றன், எனக்கு அதுல வருத்தமில்ல, கூலி வாங்குனன். ஆனா தீட்டுனாருன்னு நீங்க எழுதறப்ப ஒரு பட்டறையவே அழிச்சு ஒரே ஆளா ஆக்கிட்டீங்களே, அதுதான் பொறுக்கல.

எங்க அப்பாரு ஒரு பெரிய எழுத்துக் கதைப் பொஸ்தகம் வெச்சிருந்தாரு, அவினாசித் தேருக்குப் போனப்ப ரோட்டோரத்துல வாங்குனது. அதுலயும் நடுவுல நடுவுல கறுப்பு மரக்கட்டைப் படம் வரும், ராசாவுக்கு ஒரு கண்ணு பெருசு ஒரு கண்ணு சிறுசு, குதிர நாயாட்டம் இருக்கும். எழுத்துத் தெரியாத எங்க ஆத்தா அந்தப் படத்தத் தொட்டுத் தொட்டே முழுக் கதையும் சொல்லும். அதையும் எவனோ ஒருத்தன் கட்டைல வெட்டியிருக்கறான். அண்ணமார் கதையில படுகளத்த, கொம்பன் சாயற எடத்த, அப்பிடி ஒருத்தரு ஏழு கலருல அச்சுப்போட்டிருந்தா எங்கூட்டுத் திண்ணைச் செவுத்துலயும் ஒண்ணு இருந்திருக்கும். இருக்கறது என்னமோ மளிகைக்கடைக் காலண்டருதான். இது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது, வாயில வந்துருச்சு, வேணும்னா இந்த எடத்த வெட்டிக்குங்க. வெட்டறதுதான் உங்களுக்குக் கைவந்த வேலையாச்சே.

டீசர்ட்டு என்னாச்சுன்னு சொல்லாம உட்டுட்டன். அஞ்சாவது சேம்பிளு அப்ரூவல் ஆச்சு. அவரு சொன்னாப்புல டேபிள் ஸ்டாப்பர எல்லு மாதிரி மாத்திவெச்சு ஓட்டுனம். ஒரு கோட்டுல நின்னுச்சு. கொறையுள்ளதுன்னு ஒதுக்குன செகண்ட்ஸ்ல வந்த ஒரு பீச நானு வெச்சுக்கிட்டன், கென்பச்சிக்குக் கன்னத்துல செவப்பு கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். பத்து வருசம் போட்டன். அப்பறம் எம்பட சம்சாரம் அத வண்டி தொடைக்கறதுக்கு எடுத்துருச்சு. கேட்டா பளசுதானேங்குது.

அதனாலதானுங்க கேக்கறன். வர்ற ஞாயித்துக்கெழம கீழ் தாளப் போடுங்க. திருத்தம்னு மூலையில ரெண்டு வரி வேண்டாம், படமாவே போடுங்க. அதே அளவு, அதே பக்கம், ஓரத்துல விளம்பரம் ஏறிராமப் பாத்துக்குங்க. மேல் தாளக் கத்தரிச்சு காலண்டருக்கு அடியில மடிக்காம வெச்சிருக்கறன், வந்ததும் ஒட்டிக்குவன். நூடுல்சு வெலையில ஜப்பான்காரனுக்குக் கெடச்சது எனக்குப் பேப்பர் வெலையில கெடச்சுதுன்னு இருக்கட்டும். தீட்டுனாருங்கறத மட்டும் எடுத்துப்போட்டு மரக்கட்டை அச்சுன்னு போட்டுருங்க.

இன்னொண்ணு, போன வாரம் உங்க பிரஸ்ல மெஜந்தா கலரு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல எடப்பக்கம் ஒதுங்கியிருந்துச்சுங்க. பாவம், ஷினோவுக்கு ரெண்டு மூக்கு. மிஷின்காரத் தம்பிகிட்டச் சொல்லி இந்த வாட்டி ரெஜிஸ்டரப் பாத்து ஓட்டச் சொல்லுங்க, இல்லாட்டிப் போனா ஒட்டறப்ப கூரை ஓடு சேராது.

இப்படிக்கு,
ஒரு பழைய பிரிண்டிங் மாஸ்டர்,
திருப்பூர்.